இரவல் நெஞ்சு

எக்ஸ்ரே படம் எடுக்கும்போது அவர் சொல்லும் வசனம் தங்கவயலில் பாதிப் பேருக்கு மனப்பாடம். "மூச்ச இழு. இன்னும் இழு. மாமியார் வந்துக்கினு இருக்காங்க, அப்படியே புடி. போயிட்டாங்க, விடு." ஆள் சிரித்துக்கொண்டே மூச்சை விடுவான். கொஞ்ச நேரம் கழித்து இருட்டறையிலிருந்து சொட்டச் சொட்ட ஈரப்படத்தோடு வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, போங்க" என்பார். நெஞ்சில் ஒன்றும் இல்லாதவர்களுக்கும் அதே பதில்தான், ஆறு மாதம்கூடத் தாங்காதவர்களுக்கும் அதே பதில்தான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அங்கே அவர் எக்ஸ்ரே எடுப்பவர், நான் பதிவேட்டு அறைக் குமாஸ்தா. அவர் எடுக்கும் படங்களை உறையிலிட்டு எண் வரிசையில் அடுக்குவதும், கேட்பவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததா என்று பார்ப்பதும் என் உத்தியோகம். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், அது முதலில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். அந்த அறிவு எதற்கு உதவியது என்று கேட்காதீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

ஒல்லியான மனிதர். படம் கழுவும் மருந்து பட்டுப் பட்டு அவருடைய நகங்கள் புளி கரைத்த தண்ணீர் நிறத்தில் இருக்கும். வெள்ளைக் கோட்டின் பையில் பெப்பர்மிண்ட் வைத்திருப்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரே அவரை அண்ணன் என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கேன்டீன் மாஸ்டரின் வடையைக் கடிக்க முடியாது. இவர் தினமும் அதைத் தின்றுவிட்டு, "மாஸ்டர், இன்னிக்கி வடை பிரமாதம்" என்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னாண்ணே இது, பல்லு ஆடுது. பிரமாதம்ன்றீங்க?"

"விடியறதுக்கு முன்ன எழுந்து சுட்டுக்கினு வரான். நல்லா இல்லன்னு சொன்னா வடை மெத்துன்னு ஆயிடுமா?"

"நாளைக்காவது ஆவும்ல?"

"நாளைக்கித்தானே? இன்னிக்கி அவன் மூஞ்சி தொங்கிடுமே, அத எவன் பாக்கறது?"

பதினோரு வருடம் அந்த வடையைத் தின்றேன். கடைசிவரை அது மாறவில்லை.

இன்னொன்று. ஒரு டிம்பர்மேன், சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுப்பவர், படம் எடுத்துக்கொள்ள வந்தார். படத்தை நானும் பார்த்தேன். நுரையீரல் இருக்கவேண்டிய இடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருந்தது. "ஒண்ணும் இல்ல, போங்க" என்று பெப்பர்மிண்ட் கொடுத்து அனுப்பினார். அந்த வருடமே டிம்பர்மேன் போய்விட்டார். காரியம் முடிந்து பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். "கடைசி வரைக்கும் நீங்க சொன்ன வார்த்தைதாண்ணே அவருக்குத் தெம்பு" என்று எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அழுதாள். அண்ணன் பழத்தை எங்களுக்கெல்லாம் பிய்த்துக் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன்.

இதெல்லாம் பேச்சோடு நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று எழுதி முடித்துவிடலாம். பேச்சோடு நிற்கவில்லை.

சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் படம் எடுப்பார்கள். கல்தூசி படிந்திருப்பது தெரிந்தால் படம் மருத்துவக் குழுவுக்குப் போகும். குழு முத்திரை குத்திவிட்டால் அப்புறம் அவனைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற்றமாட்டார்கள். மேலே புல் செதுக்குகிற வேலைதான். முப்பது வருடம் கீழே எண்பதாவது லெவலில் ராஜா மாதிரி இருந்தவன், ஷிப்ட் முடிந்து கூட்டாளிகள் வெளியே வருகிறபோது பாதை ஓரத்தில் கையில் களைக்கொத்தோடு நிற்கவேண்டும். விதி அவனைக் காப்பாற்ற எழுதியதுதான். அவன் அந்த விதியிடமிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி எக்ஸ்ரே அறைக்கு வந்தான்.

"அண்ணே, இந்த ஒரு வருசம். பொண்ணு கல்யாணம் முடியட்டும்."

"சரி போ, பாத்துக்கலாம்."

படத்தின் எண்ணும் தேதியும் ஓரத்தில் வெள்ளை மையால் எழுதியிருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்பு, மேலே வேறு எண், வேறு தேதி. அவ்வளவுதான் வேலை. நல்ல நெஞ்சுள்ள ஒருவனை இரண்டு மூன்று படம் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வார். தேவைப்பட்டவனின் உறைக்குள் அதில் ஒன்று போகும். சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில் இதற்கு நெஞ்சு இரவல் என்றே பெயர். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் நெஞ்சு ஏழு பேருக்கு உழைத்தது. அந்த ஆட்டக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு ஒருமுறை முறிந்து கூடியிருந்தது. ஏழு படத்திலும் அந்த முடிச்சு அதே இடத்தில் இருக்கும்.

காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் அவரைப் பற்றி முடிவு செய்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழு உறைகளும் என் அலமாரியில் இருந்தன. என் கண்ணில் படாமல் இருக்குமா? ஏழாவது உறை என் அக்கா புருஷனுடையது. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஊரிகத்தில் லைன் வீட்டில் இருந்தாள். மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது வயிறு மாதக் கணக்கை மீறி வளர்ந்து ரத்தப்போக்கு வந்தது. உள்ளே குழந்தை இல்லை. திராட்சைக் கொத்து போல நீர்க்கொப்புளங்கள்தான். முத்துப்பிள்ளை என்பார்கள். சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு மாதம் கழித்து மறுபடி ரத்தப்போக்கு, இருமினால் சளியில் சிவப்பு. நெஞ்சுப் படம் எடுத்தது இவர்தான். "ஒண்ணும் இல்லம்மா, போங்க" என்று அவளை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, லைட் பெட்டியில் படத்தை மாட்டினார். இரண்டு பக்கமும் கோலிக்குண்டு அளவில் வெள்ளை உருண்டைகள்.

"இது தூசி இல்ல, டிபியும் இல்ல. நம்ம ஆளுங்களுக்கு இது புரியாது. பெங்களூர் இட்டுக்கினு போ. இன்னிக்கே போ."

பாருங்கள், படம் பார்க்கத் தெரியாத மனிதர் இல்லை.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் டாக்டர். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். கருப்பையில் தங்கிப்போன திசு புற்றாகி, ரத்தத்தோடு நெஞ்சுக்குப் போயிருக்கிறது, ஆனால் மருந்துக்குக் கரைகிற ஜாதி, பயப்படவேண்டாம் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஐந்து நாள் சின்ன மஞ்சள் மாத்திரை, பத்து நாள் ஓய்வு, மறுபடி மாத்திரை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் படம், சிறுநீர். உடம்பில் கர்ப்பச் சுரப்பு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அறிய, சிறுநீரைத் தேரைக்கு ஊசியில் ஏற்றிப் பார்ப்பார்கள். தேரை சொல்வதைப் பொறுத்து அளவு.

"இந்த மருந்து விஷம்தான். அளவாகக் கொடுக்கிற விஷம்" என்றார் டாக்டர். "புதிதாக எது வந்தாலும், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ இருமலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். நோயாளியிடம் இதை நன்றாக விளக்கிச் சொல்லுங்கள்."

நோட்டில் எழுதிக்கொண்டேன். விளக்கிச் சொல்லவில்லை. அதற்கு முன்பே, புற்று என்று தெரிந்து ஊர் திரும்பியதும், நாங்கள் மூன்று பேர் எங்கள் ஆஸ்பத்திரிப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்திருந்தோம்.

"புத்துன்னு சொன்னா அன்னிக்கே படுத்துரும்" என்றார் மாமா.

"கர்ப்பப்பைல புண்ணுன்னு சொல்லலாம்" என்றேன் நான்.

"மாத்திரைய சத்து மாத்திரைன்னு சொல்லிடு" என்றார் அண்ணன்.

அப்படியே சொன்னேன். விஷத்தைப் பற்றி எச்சரித்தால் சத்து மாத்திரைக் கதை நிற்காது. அதனால் இருமல், காய்ச்சல் எல்லாம் என் நோட்டோடு நின்றது. எப்படியும் ஒவ்வொரு சுற்றிலும் படம் எடுக்கிறோமே, ஏதாவது வந்தால் அதில் தெரியாதா? நடைமுறை ஒழுங்காக இருந்தால் ஆள் தப்ப வழியில்லை என்று நம்புகிற ஆள் நான்.

நான்கு சுற்று ஒழுங்காகவே போயிற்று. படத்தை ஒரு பையிலும் மூத்திர பாட்டிலை இன்னொரு பையிலும் வைத்துக்கொண்டு அக்காவோடு பங்காருபேட்டையில் வண்டி மாறிப் போவேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் இரண்டு படம் எடுப்பார். ஒன்று பெங்களூருக்கு, ஒன்று என் அலமாரிக்கு. கோலிக்குண்டு புளியங்கொட்டையாயிற்று, புளியங்கொட்டை மிளகாயிற்று. படத்தைக் காட்டும்போது அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் முதல்முறையாக "ஒண்ணும் இல்ல" என்பது உண்மையாகப்போகிறது அல்லவா.

நான்காவது சுற்றில் டாக்டர் சொன்ன ஒன்றை நான் அவரிடம் கேன்டீனில் சொன்னேன். "இனிமே படத்துல எதுனா மோசமாத் தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திடுவாங்களாம்ணே."

வடையை மெல்வதை நிறுத்தினார். "நிறுத்திடுவாங்களா?"

"அதான் அங்க முறை."

எனக்கு அது ஒரு குறிப்பு. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மாத்திரை என்று அர்த்தம். அவருக்கு அப்படி இல்லை. எங்கள் ஊரில் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்றால் ஒரே அர்த்தம், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தூசி நோய்க்காரர்களுக்கு அப்படித்தான் நிறுத்துவார்கள். இருபது வருடம் அவர் அதைப் பார்த்தவர். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாவது சுற்றுக்குப் படம் எடுக்கப் போனபோது அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள். "அண்ணே, நாலு நாளா வறட்டு இருமல். குழாயடிலருந்து குடத்தத் தூக்கிக்கினு வரமுடியல, மூச்சு வாங்குது. தம்பிகிட்ட சொல்லிடாதீங்க, உடனே நோட்டத் தூக்கிக்கினு வந்துருவான்."

"ஒண்ணும் இல்லம்மா. போய்ப் படு."

களைப்பாக இருக்கிறது, இந்த முறை நீ மட்டும் போய் மாத்திரை வாங்கி வா என்றாள் என்னிடம். போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். "நோயாளி ஏன் வரவில்லை? பார்க்காமல் கொடுக்கக் கூடாது."

"பயணக் களைப்பு டாக்டர். ரத்த ரிப்போர்ட் இருக்கிறது, படம் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது."

அவர் தயங்கினார். நான் காகிதங்களை வரிசையாக மேசைமேல் வைத்தேன். ஒரு காகிதமும் குறையவில்லை. மாத்திரை கொடுத்தார்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை மாமா ஓடிவந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நிற்கிறது, உதடு நாவல்பழம் தின்றது மாதிரி. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். டியூட்டி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "புருஷன் சுரங்கமா? அப்ப டிபிதான்" என்றார். சுரங்க ஊரில் நெஞ்சுக்கு இரண்டே நோய், தூசி, டிபி. டிபி இல்லை என்று காட்டுவதற்குப் போன வாரப் படத்தை எடுக்க நான் பதிவேட்டு அறைக்கு ஓடினேன்.

ஒத்துப் பார்க்கவென்று அண்ணன் வாங்கிப்போய்த் திருப்பித் தந்த அக்காவின் உறையை நான் பிரித்துப் பார்க்காமலே அடுக்கியிருந்தேன். அதில் நான்காவது சுற்றின் படம் இல்லை. ஐந்தாவது சுற்றின் படம் இரண்டு இருந்தது. ஒன்றை ஜன்னலில் பிடித்தேன். உருண்டைகள் இல்லை. ஆனால் இரண்டு நுரையீரலும் மேலிருந்து கீழ்வரை விடிகாலை மூடுபனி மாதிரி மங்கிக் கிடந்தன. பெங்களூர் டாக்டரிடம் நான் கொடுத்தது இது இல்லை.

இருட்டறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். தொட்டியில் யாருடையதோ படம் ஊறிக்கொண்டிருந்தது, வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போனது. அவர் கத்தவில்லை. என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"போன சுத்துப் படத்துல தேதிய மாத்தி என்கிட்டக் குடுத்தீங்களா?"

"நல்லாத்தான்டா கரைஞ்சிக்கினு இருந்துச்சி. இன்னும் ரெண்டு சுத்து குடுத்தா போயிடும்னு நெனச்சேன். இதப் பாத்தா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தத்தான் படம்!"

"நிறுத்திட்டா அக்கா போயிடும்டா."

"என் கையிலயே குடுத்து அனுப்பினீங்களே. நான் தூக்கிக்கினு போயி, எல்லாம் சரியா இருக்குதுன்னு அந்தம்மாகிட்ட வாதாடினேனே."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி வேனில் அக்காவைத் தூக்கி வைக்க முதலில் கை கொடுத்தார். நான் அவரை வண்டியில் ஏறவிடவில்லை.

பெங்களூர் டாக்டர் புதிய படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது புற்று இல்லை. புற்று போய்விட்டது. மருந்துதான் நுரையீரலைத் தாக்கியிருக்கிறது. மிகவும் அபூர்வம், படித்திருக்கிறேன், பார்த்ததில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் படத்தைப் போன வாரம் காட்டியிருந்தால் ஒரு மாத்திரைகூடக் கொடுத்திருக்கமாட்டேன். நிறுத்துவதுதான் இதற்கு வைத்தியம்."

மாத்திரையை நிறுத்தினார்கள், வேறு ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். பத்து நாள் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற நிலை. பிழைத்தாள். சொல்லிவிடுகிறேன், புற்றும் திரும்பி வரவில்லை. மேடு ஏறினால் மட்டும் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள், கடைசிவரை.

அந்தப் பத்து நாளும் வராந்தாவில் உட்கார்ந்து அவர்மேல் புகார் எழுதினேன். யாருக்கு முகவரியிட்டு, யார் வழியாக, எந்த இணைப்புகளோடு என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. இணைப்பு என்று எழுதும்போதுதான் கை நின்றது. விசாரணை என்று வந்தால் அலமாரியைத் திறப்பார்கள். ஏழு உறையும் வெளியே வரும். மாமா களைக்கொத்தோடு நிற்பார். சாவி வைத்திருந்தவன் யார் என்று கேட்பார்கள். எழுதினதைக் கிழித்துப்போட்டேன். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் நான் அனுப்பாத ஒரே காகிதம் அது.

மூன்றாவது வாரம், ஆக்சிஜன் குழாயை எடுத்த மறுநாள், பார்வை நேரத்தில் அவர் வார்டு வாசலில் வந்து நின்றார். ஷேவ் செய்யவில்லை.

"எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"வரட்டும்டா" என்றாள் அக்கா, கட்டிலிலிருந்து.

கால்மாட்டில் வந்து நின்றார். அக்கா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தாள்.

"அண்ணே, அன்னிக்கி எடுத்த படம் எப்படி இருந்துச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"அவன ஏன் பாக்கறீங்க? நெஞ்சு அவனுதா?"

"மோசமா இருந்துச்சிம்மா" என்றார். "ரெண்டு பக்கமும் மூடிக்கினு இருந்துச்சி. மாத்திரைய நிறுத்திடுவாங்கன்னு பயந்து பழைய படத்தக் குடுத்துட்டேன். அதனாலதான் நீ இங்க கெடக்கற."

அவள் அழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்கு இன்னா நோவுண்ணே?"

நான் குறுக்கே விழுந்தேன். "கர்ப்பப்பைல புண்ணுக்கா. எத்தினி தடவ..."

"உன்னக் கேக்கல."

"புத்தும்மா" என்றார். "நெஞ்சு வரைக்கும் பரவியிருந்துச்சி. இப்ப இல்ல. பொய் சொல்லல, இப்ப நெஜமாவே இல்ல."

மூன்று மாதம் மூன்று பேர் காத்த வார்த்தை. அவர் ஒரு மூச்சில் போட்டு உடைத்தார். படத்தை மாற்றியபோதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நேத்து டாக்டரம்மா கேட்டாங்க. இருமல் வந்ததும் மாத்திரைய ஏன் நிறுத்தல, உன் தம்பிகிட்டச் சொல்லி அனுப்பினேனேன்னு. எனக்குப் புரியல. சத்து மாத்திரைய எதுக்கு நிறுத்தணும்னு முழிச்சேன். சொன்னாங்களாடா உன்கிட்ட?"

"சொன்னாங்க."

"நோட்டுல எழுதிக்கினியா?"

"எழுதினேன்."

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து, ஒரு நோயாளிக்கு ஒருவர்தான், இன்னொருவர் வெளியே போங்கள் என்றாள். சட்டைப் பையிலிருந்த பார்வையாளர் சீட்டைக் காட்டினேன், என் பெயர்தான் அதில் இருந்தது. அவர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அண்ணன் இருக்கட்டும்" என்றாள் அக்கா. "நீ வெளிய நில்லு தம்பி."

சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவில் ஒரு சாண் கண்ணாடி இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் ஒன்று கேட்டாள், அவர் தலை குனிந்து பதில் சொன்னார். இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னார். இருமல் வந்தபோது நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி கேட்டாள். பார்வை நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.